அரையணாக் காவியம்

ஓலைச் சுவடி என்றதும் நமக்கு ஒரு பக்தி வந்துவிடுகிறது. ஆடிப் பெருக்கில் ஆற்றோடு போன ஏடுகளை நினைத்து வருந்துகிறோம். ஊர் ஊராக அலைந்து ஏடுகளை மீட்ட உ. வே. சாமிநாதையரை மனத்துக்குள் கும்பிடுகிறோம். இரண்டும் நியாயம்தான். ஆனால் ஐயரவர்கள் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய அதே சென்னைப் பட்டணத்தில், அதே காலத்தில், வேறு ஒரு வகைத் தமிழும் அச்சாகிக்கொண்டிருந்தது. தெருவில் பாடி விற்கப்பட்டது. எழுத்துத் தெரிந்த ஒருவர் படிக்க, தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். கேட்டு முடிந்த பிறகு அந்தக் காகிதத்தில் சுண்டல் மடித்துக் கொடுத்தார்கள். அதற்காக எந்தப் புலவரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

இந்தக் காகிதங்களுக்குக் குஜிலிப் பாட்டுப் புத்தகம் என்று பெயர். பூங்காநகர்ப் பக்கம் மாலை வேளையில் கூடிய குஜிலிக் கடைத்தெருவில் விற்றதால் வந்த பெயர் அது. எட்டுப் பக்கம், அதிகம் போனால் பதினாறு பக்கம், மட்டமான காகிதம், கோணல் மாணலான அச்சு, விலை காலணா அல்லது அரையணா. எங்காவது கொலை நடந்தால் கொலைச் சிந்து, பஞ்சம் வந்தால் பஞ்சக் கும்மி, புயலும் வெள்ளமும் வந்தால் அதற்கொரு சிந்து, திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்கு வழிநடைச் சிந்து. இவற்றுக்கு அண்ணன் ஸ்தானத்தில் இருந்தவை பெரிய எழுத்துப் புத்தகங்கள்: விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, தேசிங்குராஜன் கதை, அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை. இவற்றில் படங்களும் உண்டு. ஆராய்ச்சியாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 2004இல் இந்தச் சின்னப் புத்தகங்களைப் பற்றி ஒரு நூலே எழுதி, அவற்றுக்கு 'முச்சந்தி இலக்கியம்' என்று பொருத்தமாகப் பெயரும் வைத்தார். சரித்திரக்காரர்கள் இவற்றைக் கண்டுகொண்டார்கள். இலக்கிய விமர்சகர்கள் இன்னும் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் என் குறை.

எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் இருக்கும் வாசகர்களுக்கு இதில் ஒரு தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. கடலோரமாக நீளும் இந்தப் பிரதேசத்தைப் பற்றிச் சென்னையின் மற்றப் பகுதிகளில் ஓர் அபிப்பிராயம் உண்டு. இங்கே துறைமுகம் உண்டு, உப்பளம் உண்டு, தொழிற்சாலை உண்டு, புகை உண்டு. இலக்கியம் மட்டும் தெற்கே மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் விளைந்து இந்தப் பக்கம் வரவேண்டிய சரக்கு என்பதே அந்த அபிப்பிராயம். இங்குள்ளவர்களே அதை நம்பிவிட்டார்கள். உண்மை வேறு. தமிழ்நாட்டு ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்த தமிழ்ப் புத்தகம் வடசென்னையில் அச்சானது. பெரிய எழுத்துப் புத்தகங்களைத் தலைமுறை தலைமுறையாக வெளியிட்ட இரத்தின நாயகர் அண்ட் ஸன்ஸ் கடை கொண்டித்தோப்பில் இருந்தது. சிறுமணவூர் முனிசாமி முதலியார் சூளையில் இருந்துகொண்டு எண்ணற்ற சிறு புத்தகங்களை எழுதியும் பதிப்பித்தும் தள்ளினார். அவரை யாருக்குத் தெரியும் என்று கேட்பீர்கள். நம் வீட்டுப் பூஜை அறைகளில் பாட்டிமார் பாடிய நடராஜப் பத்து அவர் எழுதியதுதான். குஜிலியை முகம் சுளித்து ஒதுக்கிய வீடுகளிலும் குஜிலிக்காரரின் பாட்டு விளக்கு வைக்கும் நேரத்தில் ஒலித்துக்கொண்டுதான் இருந்தது.

இங்கிலாந்திலும் இதே சரக்கு இருந்தது. ஒரே ஒரு தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு, மேலே ஒரு மரக்கட்டைப் படம் போட்டு, ஒரு பென்னிக்கும் அரைப் பென்னிக்கும் தெருவில் பாடி விற்ற கதைப் பாட்டுகள். கொலை, தூக்கு, கப்பல் உடைந்தது, காதலி ஏமாற்றியது, விசித்திரமான குழந்தை பிறந்தது, எல்லாமே பாட்டு. இவற்றைக் கறுப்பெழுத்து என்று சொல்லப்படும் பழைய தடித்த எழுத்தில் அச்சிட்டார்கள். படித்த வர்க்கத்தார் மெல்லிய ரோமன் எழுத்துக்கு மாறிய பிறகும் சாதாரண ஜனங்கள் எழுத்துப் பழகியது தடித்த எழுத்தில்தான். ஆகவே அவர்களுக்கான பாட்டும் அதிலேயே வந்தது. நம்முடைய பெரிய எழுத்தின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கண் மங்கிய கிழவரும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெண்ணும், திண்ணை விளக்கு வெளிச்சத்தில் படிக்க வேண்டிய புத்தகம் என்பதைக் கடைக்காரர் தலைப்பிலேயே விளம்பரம் செய்துவிட்டார். அந்த அளவுக்கு வாசகனை மதித்த பதிப்பாளர்கள் பிறகு எத்தனை பேர் வந்தார்கள்?

வித்தியாசம் எங்கே ஆரம்பிக்கிறதென்றால், இங்கிலாந்தில் இந்தத் தாள்களைச் சேர்த்து வைக்க ஒரு ஸாமுவேல் பீப்ஸ் இருந்தார். கடற்படைக் காரியாலயத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். நாட்குறிப்பு எழுதிப் புகழ் பெற்றவர். ஆயிரத்து எண்ணூறுக்கு மேற்பட்ட பாட்டுத் தாள்களைச் சேர்த்து, பக்தி, சரித்திரம், சோகம், காதல், கடல், குடி என்று வகை பிரித்து ஐந்து தொகுதிகளாகக் கட்டி வைத்தார். 1703இல் அவர் இறந்த பிறகு, அவருடைய விருப்பப்படி, புத்தகங்கள் கேம்பிரிட்ஜில் உள்ள மாக்டலீன் கல்லூரிக்குப் போயின. ஒரு புத்தகம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. அவர் வைத்தபடியே இன்றும் இருக்கின்றன.

சேர்த்து வைப்பது ஒரு காரியம். படித்துப் பார்த்து 'இது இலக்கியம்' என்று சொல்லுவது இன்னொரு காரியம். அதற்குத் தைரியம் வேண்டும். 1711இல் ஜோஸப் அடிஸன் தம்முடைய 'ஸ்பெக்டேட்டர்' பத்திரிகையில் அதைச் சொன்னார். நாட்டுப்புறத்து வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு பாட்டுத் தாளைப் படித்துவிட்டு, அதை எழுதியவனுக்குப் புலமை கிடையாது, ஆனாலும் இயற்கையான உணர்ச்சி இருக்கிறது என்று வாதாடினார். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தாலும் விஷயம் அதோடு நிற்கவில்லை. பிஷப் பெர்ஸி ஒரு நண்பர் வீட்டில் வேலைக்காரிகள் அடுப்பு மூட்டக் கிழித்துக்கொண்டிருந்த பழைய பாட்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கண்டு காப்பாற்றி, அதை ஆதாரமாக வைத்து 1765இல் பழம்பாட்டுத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார். 1798இல் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் தங்கள் கவிதைப் புத்தகத்துக்கே பாட்டுத் தாளின் பெயரைக் கடன் வாங்கினார்கள். ஆங்கிலக் கவிதை அங்கே ஒரு திருப்பம் திரும்பியது. தெருவில் கிடந்ததைப் பொறுக்கி எடுத்ததால் வந்த திருப்பம் என்று சொன்னால் தவறில்லை.

நம் பாட்டுப் புத்தகங்களைக் காப்பாற்றியவர்கள் யார்? முதலில் சொல்ல வேண்டியது, சற்று வேடிக்கையாக இருந்தாலும், வெள்ளைக்காரச் சர்க்காரின் சந்தேகத்தை. 1867இல் வந்த அச்சகச் சட்டத்தின்படி அச்சான ஒவ்வொரு நூலின் பிரதியையும் சர்க்காரிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவற்றைப் பட்டியல் போட்டார்கள். ஜனங்கள் என்ன படிக்கிறார்கள் என்று கண்காணிப்பதற்காகச் செய்த ஏற்பாடு. அப்படிச் சேர்ந்தவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது. இன்றைக்கு அது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. சொந்த ஊரில் சுண்டல் காகிதமாகப் போன புத்தகம் சீமையில் அட்டை போட்டு, எண் போட்டு, பத்திரமாக இருக்கிறது.

இரண்டாவது, கோட்டையூர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்டிருந்தவர் அவர். எழுத்தின் உருவத்தைக் கண்ணால் அறிந்தவர். பெரிய பண்டிதர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவற்றையெல்லாம், நாடக நோட்டீஸ் வரையில், விடாமல் வாங்கிச் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது நூலும் இதழுமாக அவரிடம் இருந்தவை ஒரு லட்சத்தை எட்டியிருந்தன. அமெரிக்காவிலிருந்து சிகாகோப் பல்கலைக் கழகம் வந்து அதை வாங்கியது. வாங்கியதைக் கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. அது இப்போது தரமணியில் இருக்கிறது. ஒரு தேசத்தின் தெருப் பாட்டுக்கு அந்நியச் சர்க்காரும், ஒரு பெயிண்டரும், அந்நியப் பல்கலைக் கழகமும் காவல் இருந்திருக்கின்றன. இதைப் பெருமையோடு சொல்லுவதா, வெட்கத்தோடு சொல்லுவதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

இனி இலக்கிய விஷயத்துக்கு வருகிறேன். பழசு என்பதற்காகவோ, அபூர்வம் என்பதற்காகவோ ஒரு புத்தகம் நல்ல புத்தகமாகிவிடாது. அரையணாப் புத்தகத்தை இலக்கியம் என்றால் அதைப் படித்துக் காட்ட வேண்டும்.

அடிஸன் புகழ்ந்த பாட்டு காட்டில் விடப்பட்ட இரண்டு குழந்தைகளைப் பற்றியது. 1595இலேயே பதிவான பாட்டு. தாயும் தகப்பனும் சாகும்போது குழந்தைகளையும் சொத்தையும் மாமனிடம் ஒப்படைக்கிறார்கள். சொத்துக்கு ஆசைப்பட்ட மாமன் குழந்தைகளைக் கொல்ல இரண்டு முரடர்களை அமர்த்துகிறான். ஒருவனுக்கு மனம் இளகிவிட, அவன் மற்றவனைக் கொன்றுவிட்டு, குழந்தைகளைக் காட்டிலேயே விட்டுப் போகிறான். காட்டுப் பழங்களைத் தின்று திரிந்த குழந்தைகள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு இறந்துபோகின்றன. ராபின் குருவி இலை கொண்டுவந்து மூடுகிறது. மாமன் பிறகு குடும்பத்தோடு நாசமாகிறான்.

நம்முடைய நல்லதங்காளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மானாமதுரையில் மழை பொய்த்துப் பன்னிரண்டு வருஷப் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு நல்லதங்காள் அண்ணன் வீடு தேடி வருகிறாள். அண்ணன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். உள்ளே விட்ட பிறகும் உளுத்த தானியமும் ஈர விறகும் கொடுத்து அவமானப்படுத்துகிறாள். பசித்த பிள்ளைகளோடு வெளியேறிய தாய் ஒரு பாழுங்கிணற்றங்கரையில் நின்று, ஒவ்வொன்றாகப் பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தானும் குதிக்கிறாள். பிறகு அண்ணன் வந்து அறிந்து, அழுது, தண்டித்து, தானும் மாய்ந்து, கடைசியில் சிவனும் பார்வதியும் வந்து எல்லாரையும் எழுப்புகிறார்கள்.

கதைகள் இரண்டும் ஒரே இடத்தைத் தொடுகின்றன. காக்க வேண்டிய உறவே குழந்தைகளைக் கைவிடுகிறது. ஆனால் இங்கிலீஷ் பாட்டில் கொடுமைக்குக் காரணம் சொத்து. நம் பாட்டில் காரணம் சோறு. சொத்துக்காகக் கொல்லுகிறவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டு வாசகன் நிம்மதியாகத் தூங்கலாம். இங்கே கொல்லுகிற கை தாயின் கை. அவள் கெட்டவள் அல்ல, பிள்ளைகளை நேசிக்கிறவள், நேசிப்பதால்தான் தள்ளுகிறாள். மூத்த பையன் தன்னை மட்டும் விட்டுவிடும்படி கெஞ்சுகிறான். பாட்டு அங்கே அவசரப்படவில்லை. ஏழு பிள்ளை என்றால் ஏழு தடவை தள்ள வேண்டும். ஏழையும் எண்ணி எண்ணிப் பாடுகிறது. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன்: நானாக இருந்தால் இரண்டாவது பிள்ளையோடு நிறுத்தி, மூன்று புள்ளி வைத்து, அடுத்த அத்தியாயத்துக்கு ஓடியிருப்பேன். பெயர் தெரியாத அந்தப் புலவன் ஓடவில்லை. எண்ணிக்கையை முடிக்கிறவரை அவன் கேட்பவனையும் எழுந்து போக விடவில்லை.

முடிவில் சிவபெருமான் வந்து எழுப்புவதைப் பார்த்துவிட்டு, 'பார்த்தீர்களா, இதற்குத்தான் இதையெல்லாம் இலக்கியம் என்று சொல்லக்கூடாது' என்று ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவருக்கு நான் சொன்னது இதுதான். நல்லதங்காள் என்ற பெயரைச் சொன்னதும் தமிழனுக்கு நினைவு வருவது கிணறு. வரம் கொடுத்ததை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. கதை கேட்டவர்களை இருட்டில் வீட்டுக்கு அனுப்பவேண்டுமே என்பதற்காகப் பாடகன் கடைசியில் ஏற்றி வைத்த ஒரு விளக்கு அது. கேட்டவர்களுக்கு எது கதை, எது விளக்கு என்று தெரிந்திருக்கிறது.

அதற்காகக் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய குறை ஒன்று இதே கதையில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷப் பஞ்சத்துக்கு யார் பொறுப்பு? மழை. பிள்ளைகள் செத்ததற்கு? அண்ணி. வரி வாங்கிய ராஜாவும், தானியத்தைப் பதுக்கிய வியாபாரியும் கண்ணில் படவே இல்லை. சாத்திய கதவைப் பார்க்கத் தெரிந்த பாட்டுக்குக் கோட்டைக் கதவைப் பார்க்கத் தெரியவில்லை. எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளங்கவைக்க அதிக தூரம் போக வேண்டாம். நம் ஊரை ஒட்டி ஓடும் பக்கிங்ஹாம் கால்வாயைப் பாருங்கள். சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்கும் அது 1806 வாக்கிலேயே வெட்டப்பட்டு, காக்ரேன் என்ற வெள்ளைக்காரரின் பெயரில் இருந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்தபோது நிவாரண வேலை என்று பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்களைக் கொண்டு, பட்டணத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து வெட்டினார்கள். அப்போதைய கவர்னரின் பெயர் அதற்கு வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது. அவர்களுடைய பசியைச் சொல்லப் பஞ்சக் கும்மி ஒன்றுதான் இருந்தது. அந்தக் கும்மிக்காரனோ பெரும்பாலும் கலியின் கொடுமை என்றும் தெய்வத்தின் சோதனை என்றும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான்.

வேறு குறைகளும் உண்டு. கொலைச் சிந்துகளில் செத்துப்போனவள் பெண்ணாக இருந்தால் அவளுடைய நடத்தையைப் பற்றிய நாக்கு வளைவு நிச்சயம். ஜாதியைச் சொல்லிக் கேலி செய்வதும் உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பெயரில் போடுவது சர்வ சாதாரணம். அல்லி அரசாணி மாலைக்கும் பவளக்கொடி மாலைக்கும் புகழேந்திப் புலவர் என்று அட்டையில் போட்டார்கள். நளவெண்பா பாடியவர் இதைப் பாடியிருப்பார் என்று இன்று யாரும் நம்புவதில்லை. பெரிய பெயர் இருந்தால் விற்கும். இந்த வியாபார புத்தி அரையணாப் புத்தகத்தோடு போய்விட்டதா என்றால், நம் காலத்துப் பதிப்பாளர்களைப் பார்த்துவிட்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. இங்கிலீஷ் பாட்டுத் தாளில் ஒரே மரக்கட்டை மனிதன் ஒரு பாட்டில் காதலனாகவும், இன்னொன்றில் கொலைகாரனாகவும், மற்றொன்றில் ராஜாவாகவும் வருவான். நம் புத்தகங்களிலும் சிம்மாசனத்தில் உட்கார்ந்த ஒரே ராஜா பல கதைகளை ஆண்டிருக்கிறான். கட்டை செதுக்கக் காசு செலவாகும், ஆகவே இருப்பதை வைத்து ஒப்பேற்றினார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் கடைத்தெருவில் அந்தப் படத்துக்கு இருந்த வேலை, ஆளின் முகத்தைக் காட்டுவதல்ல. எழுத்துத் தெரியாதவனுக்கு 'இது ராஜா கதை', 'இது சாவுக் கதை' என்று தூரத்திலிருந்தே சொல்லுவதுதான். தெருக்கூத்தில் ஒரே கிரீடம் இன்று துரியோதனனுக்கும் நாளை இரணியனுக்கும் பொருந்துகிறதல்லவா, அதே நியாயம்தான். இந்தப் படங்களைச் சித்திரக் கலை என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்களும், அவலட்சணம் என்று தள்ளுகிறவர்களும், ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

இதைவிட முக்கியமானது மெட்டு. பாட்டுப் புத்தகத்தில் தலைப்புக்குக் கீழே 'இன்ன பாட்டு மெட்டு' என்று ஒரு வரி இருக்கும். முதலில் நாடகப் பாட்டு மெட்டுகள்; பிறகு சினிமாப் பாட்டு மெட்டுகள். இங்கிலீஷ் தாளிலும் அப்படியே, இன்ன பாட்டின் ராகத்தில் பாடுக என்று இருக்கும். அதாவது, காகிதத்தில் அச்சானது பாட்டில் பாதி. மறுபாதி வாங்குகிறவனின் காதில் ஏற்கெனவே இருந்தது. நாம் அந்த மறுபாதி இல்லாமல், நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கண்ணால் படித்துவிட்டு, 'யாப்பு சரியில்லை, சொன்னதையே சொல்லுகிறான்' என்கிறோம். திரும்பத் திரும்பச் சொல்லுவது கண்ணுக்கு அலுப்பு. காதுக்கு அது பிடிமானம். சமையல் குறிப்பைப் படித்துவிட்டு உப்புக் குறைவு என்று தீர்ப்புச் சொல்லலாமா?

மேல்நாட்டார் இதை உணர்ந்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஸாந்தா பார்பராப் பல்கலைக் கழகத்தார் 2003 முதல் பீப்ஸின் தாள்களையும் மற்றத் தொகுதிகளையும் படம் பிடித்து எல்லாரும் பார்க்கும்படி கம்ப்யூட்டரில் வைத்திருக்கிறார்கள். அத்தோடு நிற்காமல், மெட்டுத் தெரிந்த பாட்டுகளைப் பாடகர்களைக் கொண்டு பாடச் செய்து அதையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நானூறு வருஷத்துப் பாட்டை நான் எண்ணூரில் உட்கார்ந்து கேட்டேன். நம் கொலைச் சிந்து ஒன்றை அதன் மெட்டில் கேட்க வேண்டுமானால் எங்கே போவது? சந்தையிலும் ரயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் பாடி விற்றவர்கள் சென்ற தலைமுறையோடு ஏறக்குறைய முடிந்துபோனார்கள். காகிதத்தை இனிமேலும் காப்பாற்றலாம். மெட்டைக் காப்பாற்ற, தெரிந்த கிழவர்கள் உயிரோடு இருக்க வேண்டும்.

மெட்டைத் தெரிந்துகொண்டு தெருவிலிருந்து எடுத்தவர் நம்மிடமும் ஒருவர் இருந்தார். பாரதியார். நொண்டிச் சிந்தையும் கும்மியையும் கிளிக்கண்ணியையும் அவர் பண்டிதர்களிடமிருந்து பெறவில்லை. 1912இல் வந்த பாஞ்சாலி சபதத்தின் முகவுரையில், ஓரளவு படித்தவர்களுக்கும் விளங்குகிறபடி, ஜனங்களின் காதுக்குப் பழகிய இசையில் காவியம் எழுதுகிறவனே இன்று தமிழுக்கு உயிரூட்டுகிறவன் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கொண்டித்தோப்பும் குஜிலியும் நினைவுக்கு வருகின்றன. கடல் கடந்த தமிழரும் இந்த வழியைத்தான் பிடித்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே வேலை செய்த கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள், 1940இல் அங்குள்ள இந்தியரின் நிலைமையைப் பாட்டாக்கிச் சிறு புத்தகமாகப் போட்டுப் பாடினார். கட்டுரை எழுதிக் கொடுத்தால் அந்த லயன்களில் யார் படித்திருப்பார்கள்? கவிதை இப்படித் தெருவை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. உரைநடை, முக்கியமாக நாவல், அப்படிச் செய்யவில்லை. பிரதாப முதலியார் சரித்திரம் தொடங்கி நாங்கள் எல்லாரும் சீமை நாவலைப் பாட்டனாக வைத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் இருந்த சொந்தப் பாட்டனை மறந்துவிட்டோம். நம் நாவல்களில் எந்த ஊர், எந்தத் தேதி, அரிசி என்ன விலை என்பது எவ்வளவு அபூர்வமாக வருகிறது என்று பாருங்கள். அரையணாப் பாட்டில் அது முதல் நாலு அடியிலேயே வந்துவிடும்.

இந்தக் கடற்கரைக்கும் அது வேண்டியிருக்கிறது. 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. சரித்திரப் புத்தகத்தைப் படிக்காதவனும் இன்றுவரை கெட்டிக்காரப் போக்கிரியை 'எம்டன்' என்கிறான். தெருவின் ஞாபக சக்தி அப்படிப்பட்டது. 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கியது. ஆட்கள் வாளியால் மொண்டார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே வந்து படகிலும் வலையிலும் அலையாத்தி மரத்திலும் அப்பியது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் இது நடந்திருந்தால் ஒரு வாரத்துக்குள் 'எண்ணூர் எண்ணெய்ச் சிந்து' அரையணாவுக்கு விற்றிருக்கும். தேதியும், கப்பலின் பெயரும், மீன் விலை விழுந்த கணக்கும் அதில் இருந்திருக்கும். இப்போதும் பாட்டு இல்லாமல் போய்விடவில்லை. கப்பல் மோதிய அதே 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று, கபேர் வாசுகி எழுதிய 'சென்னைப் புறம்போக்குப் பாடல்' என்பதைப் பாடினார். கச்சேரி சங்கீதம் பட்டணத்துப் பேச்சுத் தமிழோடு சேர்ந்து சாம்பல் படிந்த நீருக்குப் பக்கத்தில் நின்றது. வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் சாவு வீட்டில் பாடுகிற கானாக்காரர்கள் இருக்கிறார்கள். செத்தவர் பெயரையும் ஊரையும் தொழிலையும் பாட்டில் வைக்கிற வழக்கம் அவர்களிடம் இன்னும் இருக்கிறது. இவை ஒன்றும் காகிதத்தில் இல்லை. கைபேசியில் வருகின்றன, கைபேசியோடு போகின்றன. சர்க்காருக்குப் பிரதி கொடுக்கிற சட்டமும் இவற்றுக்கு இல்லை.

ஆகவே நூலகங்களுக்கு நான் வைக்கிற விண்ணப்பம் சிறியது. குஜிலிப் புத்தகங்களைக் காப்பாற்றியாயிற்று, அதற்கு நன்றி. இனி அவற்றின் மெட்டுத் தெரிந்தவர்களைத் தேடிப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். கானாக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நகல் எடுத்து, அவை அச்சான வடசென்னையின் கிளை நூலகங்களில் ஓர் அலமாரி வையுங்கள். ஆராய்ச்சி மாணவன் தரமணிக்குப் போவான். திருவொற்றியூரில் மாலையில் பத்திரிகை படிக்க வருகிற ஓய்வு பெற்ற தொழிலாளி போகமாட்டார். அந்தப் புத்தகமோ அவருடைய பாட்டனார் காசு கொடுத்து வாங்கியது.

வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பழைய புத்தகக் கடையில் பெரிய எழுத்து நல்லதங்காள் கண்ணில் பட்டால் வாங்குங்கள். தனியாக உட்கார்ந்து படிக்காதீர்கள். சாப்பாடு முடிந்த பிறகு வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள். கிணற்றங்கரையில் நாலாவது பிள்ளை வரும்போது நிறுத்தச் சொல்லி யாராவது எழுந்தால் நிறுத்தவேண்டாம். ஏழையும் படித்து முடித்துவிட்டு, பிறகு இது இலக்கியமா இல்லையா என்று பேசலாம்.